ஜீரோ பாஸ்பேட்டுக்கு சந்தோஷப்பட்ட கதை: மூணு அடி ரீஃப் டேங்க்ல கோரல் பட்டினி கிடந்தது எப்படி

முதல்ல டேங்க் விவரத்த சொல்லிடறேன், இல்லன்னா கீழ வர்ற நம்பர் எதுக்கும் அர்த்தம் இருக்காது. ரீஃப் டேங்க்னா உயிருள்ள பவளம், அதாவது கோரல் வளக்கற உப்புத்தண்ணி தொட்டி. என்னோடது சிங்கப்பூர்ல எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹால்ல இருக்கற 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி, கீழ கேபினட்டுக்குள்ள சம்ப் (தண்ணிய சுத்தம் பண்ற சாமான் இருக்கற சின்னத் தொட்டி), பாறை மணல் போக ஓடற தண்ணி மொத்தம் 190 லிட்டர். இந்த ஊர்ல சில்லர் இல்லாம ரீஃப் டேங்க் பேச்சே கிடையாது, ஹாலே 30, 31 டிகிரில நிக்கும், பம்ப் சூடும் லைட் சூடும் சேந்தா தண்ணி 32 தொட்டுடும், அதனால சில்லர 26ல செட் பண்ணி விட்டுட்டு கரன்ட் பில்ல பாக்காம இருக்கப் பழகிட்டேன். குழாய்த் தண்ணில க்ளோரமைன்ங்கற கிருமிநாசினி இருக்கு, அதனால எல்லாமே ஆர்ஓடிஐ (முழுசா வடிகட்டின) தண்ணி தான். மீனுன்னு பாத்தா ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ராயல் கிராமா, ஒரு சிக்ஸ்லைன் ராஸ், அப்பறம் ரெண்டு க்ளீனர் இறால் (இந்த ரெண்டு பேரும் கதைல திரும்ப வருவாங்க). கோரல்ல அக்ரோபோரா நாலு துண்டு, மான்டிபோரா தட்டு ரெண்டு, ஒரு ஹாம்மர், ஒரு ஏக்கன், 11 தலை இருக்கற ஒரு கேண்டி கேன்.

இத படிக்கறவங்க தமிழ்நாட்டுல இருந்தா ஒரு விஷயம். அங்க கல் பவளத்த வீட்டுல வளக்கறது ஆசைப்படற விஷயமே இல்ல, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 2001லயே முதல் அட்டவணைல சேத்தாச்சு, புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடால சுண்ணாம்புக்குன்னு பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததோட விலை என்னன்னு அங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேணாம். சிங்கப்பூர்லயும் சும்மா இல்ல, எல்லா கல் பவளமும் சைட்டிஸ் (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல், பர்மிட்டோட வந்ததா, இல்ல இங்கயே வெட்டி ஒட்டி வளத்த ஃப்ராகான்னு கேட்டுத்தான் வாங்கணும்.

சரி, கேஸுக்கு வர்றேன்.

டேங்க் ஓட ஆரம்பிச்சு எட்டாவது மாசம். மீனுக்கு தினம் ரெண்டு வேளை, கோரலுக்கு வாரம் ரெண்டு தடவை, கை தாராளமா போயிட்டு இருந்தது. பின்பக்க கண்ணாடில பச்சைப் பாசி, பாறை மேல முடி மாதிரி பாசி. ஹன்னா செக்கர்ல (தண்ணிய சோதிக்கற கைக்கருவி) பாஸ்பரஸ் 72னு காட்டுச்சு. அந்த செக்கர் பாஸ்பரஸ பிபிபில (நூறு கோடில ஒரு பங்கு) தான் காட்டும், பாஸ்பேட் வேணும்னா 3.066ஆல பெருக்கணும், பிபிஎம்மா (பத்து லட்சத்துல ஒரு பங்கு) மாத்த ஆயிரத்தால வகுக்கணும், ஆக 0.22 பிபிஎம். நைட்ரேட் 25 பிபிஎம். ரெண்டுமே சாப்பாட்டு மிச்சமும் மீன் கழிவும் தண்ணில விடற உரம். இது ஒண்ணும் உலகம் அழியற நம்பர் இல்ல, இதவிட மோசமான தண்ணில அழகா வளந்த டேங்கயெல்லாம் நேர்ல பாத்திருக்கேன். ஆனா வாங்கி ஒரு மாசமே ஆன அக்ரோபோரா கொஞ்சம் பிரவுன் அடிச்ச மாதிரி தெரிஞ்சதும் பயந்துட்டேன். பயத்துல செய்யற வேலை எதையும் ஒண்ணொண்ணா செய்ய மாட்டோம்ல, நானும் எல்லாத்தையும் ஒரே வாரத்துல செஞ்சேன். ரியாக்டர்ல 200 கிராம் ஜிஎஃப்ஓ, அதாவது பாஸ்பேட்ட பிடிச்சு வச்சுக்கற இரும்பு ஆக்சைடு குருணை. தினம் 25 மில்லி வினிகர், அத தின்னுட்டு பாக்டீரியா பெருகும், பெருகறப்ப நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கும், அந்த பாக்டீரியாவ ஸ்கிம்மர் (நுரையால அழுக்க பிரிக்கற கருவி) வெளிய தள்ளிடும். மீனுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு வேளை. கோரலுக்கு சாப்பாடே கட்.

ஆறு வாரத்துல பாஸ்பேட், நைட்ரேட் ரெண்டும் ஜீரோ. செக்கர்ல அந்த 0 வந்தப்ப போட்டோ எடுத்து ரெண்டு பேருக்கு அனுப்பினேன், அந்த போட்டோ இன்னும் போன்ல இருக்கு, அழிக்க மனசு வரல. கண்ணாடி பளபளன்னு இருந்தது, மணல் வெள்ளை வெளேர்னு இருந்தது, வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் தண்ணி இருக்கறதே தெரியலயேன்னாங்க.

அடுத்த மூணு வாரத்துல நடந்தது இது. ஏக்கன் ராத்திரி பகல் ரெண்டு வேளையும் ஊதிப்போய் இட்லி மாதிரி இருக்கும், அது சுருங்கி எலும்போட ஒட்டிக்கிச்சு. கேண்டி கேன்ல தலைக்குக் கீழ காம்பு மேல படர்ந்திருந்த சதை மேல மேல ஏறிட்டே போச்சு, ஓரத்துல ரம்பப் பல்லு மாதிரி எலும்பு தெரிய ஆரம்பிச்சது. மான்டிபோரா தட்டு சிவப்புல இருந்து ரோஸ் ஆகி, ரோஸ்ல இருந்து வெளுத்த ரோஸ் ஆச்சு. அக்ரோபோரா நாலுக்கும் நுனி வெள்ளை. நுனி வெள்ளைன்னா வளர்ச்சின்னு நெனச்சுக்கிட்டேன், ஏன்னா வேகமா வளர்ற நுனியும் வெள்ளையா தான் இருக்கும், ஆனா வளர்ற நுனில குட்டிக் குட்டி பாலிப் (பூ மாதிரி விரியற வாய்) தெரியும், உயிர் இருக்கற பளபளப்பு இருக்கும். இது அப்படி இல்ல, தீக்குச்சி எரிஞ்சு போன மாதிரி, சதையே இல்லாத வெறும் எலும்பு. டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வச்சுப் பாத்தப்ப தான் வித்தியாசம் தெரிஞ்சது, அதுக்குள்ள பத்து நாள் போயிடுச்சு.

நான் முதல்ல சந்தேகப்பட்டது லைட்ட. வெளுத்துப் போச்சுன்னா லைட் அதிகம், இது எல்லாரும் சொல்றது தானே, 30 சதவீதம் குறைச்சேன். குறைச்சது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன், பட்டினில இருக்கற கோரலுக்கு பலமான லைட்டும் ஒரு பாரம் தான். அதோட நிறுத்திக்கிட்டு உக்காந்தது தான் தப்பு. அப்பறம் பூச்சியான்னு பாக்க அக்ரோபோராவ மருந்துத் தண்ணில டிப் பண்ணேன், ஒண்ணும் விழல, ஏற்கனவே நொந்து போன கோரல வெளிய எடுத்து குளிப்பாட்டுனது தான் மிச்சம்.

துப்பு கண்ணு முன்னாடியே இருந்தது, நான் தான் பாக்கல. கேஎச். கோரல் எலும்பு கட்ட எடுத்துக்கற கார்பனேட் தண்ணில எவ்வளவு இருக்குன்னு காட்டற அளவு அது, டிகேஎச்ங்கற அலகுல சொல்லுவாங்க. எப்பவும் 8.3 பக்கம் நிக்கற டேங்க், டோசர் (தானா அளந்து ஊத்தற மெஷின்) தினம் 1.1 டிகேஎச் அளவுக்கு ஊத்தும், கோரல் தினம் அவ்வளவையும் எடுத்துக்கும், தராசு சமமா நிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பண்ணப்ப 9.6. டெஸ்ட் கிட்ல தான் ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன். அடுத்த ஞாயிறு 11.1.

ஜொகூர்ல ஒரு அண்ணன் இருக்காரு, இருபது வருஷமா உப்புத்தண்ணில கை வச்சிட்டு இருக்கறவரு. அவருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், லைட்டு, டிப்பு, வெள்ளை நுனி எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவரு அது எதையும் கேக்கல. "தம்பி, டோசர அணைச்சுடு. நாளைக்கு இதே நேரத்துக்கு கேஎச் எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாரு. பசி எடுத்து சாப்புடுதா இல்லையான்னு அது சொல்லிடும்." அணைச்சேன். 24 மணி நேரத்துல எறங்கினது 0.5. தினம் 1.1 சாப்பிட்ட டேங்க், பாதிக்கும் கீழ.

இத கொஞ்சம் விளக்கணும். கல் பவளம் எலும்பு கட்டறது கால்சியம் கார்பனேட்ல. ஒவ்வொரு 2.8 டிகேஎச் குறையறப்பவும் கூடவே கால்சியம் 20 பிபிஎம் குறையும், இந்தக் கணக்கு அனேகமா மாறாது. 1.1 டிகேஎச்னா கால்சியம் கிட்டத்தட்ட 8 பிபிஎம், கிட்ல ஒரே நாள்ல அத பிடிக்கறது கஷ்டம், ஆனா கேஎச்ச சுலபமா பிடிச்சுடலாம். அதனால கேஎச் எறங்கற வேகம் தான் டேங்க்ல இருக்கற மொத்த கோரலும் எவ்வளவு வேலை பாக்குதுன்னு காட்டற மீட்டர். நான் அத ஒரு நம்பரா மட்டும் பாத்தேன், எட்டுக்கும் ஒம்போதுக்கும் நடுவுல இருந்தா சரி, இல்லன்னா தப்பு, அவ்ளோ தான். எவ்வளவு இருக்குங்கறதவிட எவ்வளவு போகுதுங்கறது தான் முக்கியம்னு எனக்கு அந்த 0.5 வர்ற வரைக்கும் உறைக்கல.

அண்ணன் அடுத்துக் கேட்டது பாஸ்பேட். பெருமையா ஜீரோன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்ல, அப்பறம் "அப்ப அது எத சாப்புடும்"னாரு.

லைட்ட சாப்பிடும்னு தானே நாமெல்லாம் நெனச்சிட்டு இருக்கோம். பாதி உண்மை. கோரல் சதைக்குள்ள குடியிருக்கற பாசி வெயில்ல சமைச்சுக் குடுக்கறது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும், அதாவது ஓடறதுக்கு பெட்ரோல். உடம்ப வளக்க நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும், அது வெயில்ல இருந்து வராது, பிடிச்சுத் தின்ன பிளாங்க்டன்ல (தண்ணில மிதக்கற குட்டி உயிருங்க) இருந்தோ தண்ணில கரைஞ்சிருக்கறதுல இருந்தோ தான் வரணும். வெறும் சோத்த மட்டும் வயிறு முட்டப் போட்டு வளத்த பிள்ளை மாதிரி. இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல இத யூஃபிலியாங்கற கோரல வச்சே பாத்திருக்காங்க, பாஸ்பேட் இல்லாத தண்ணில விட்டா பாசி நொந்துபோய் கோரல் வெளுத்துடுதுன்னு 2017ல எழுதினாங்க. என் ஹாம்மர் அதே குடும்பம். அதே குழு 2023ல நேச்சர் இதழ்ல இன்னொண்ணு போட்டாங்க, தண்ணில நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருந்தா பாசி பெருகும், பெருகற பாசில கொஞ்சத்த கோரலே செரிச்சு சாப்பிட்டுடும்னு. தோட்டமும் அதே, கறிகாயும் அதே. நான் தண்ணிய ஜீரோ ஆக்குனப்ப உரத்தையும் நிறுத்தி, கையால ஊட்டறதையும் நிறுத்திட்டேன், ரெண்டு வாசலும் பூட்டியாச்சு. அதோட மேல 11 டிகேஎச்ச ஏத்தி எலும்பு கட்டு கட்டுன்னு விரட்டிட்டு இருந்திருக்கேன். சதை வளர வழி இல்லாத இடத்துல கேஎச் மட்டும் ஏறினா நுனி கருகறது ரீஃப் வச்சிருக்கறவங்க பலரும் பாத்தது தான்.

கோரலுக்கு வாய் இருக்கறது சும்மா இல்ல. ஹவாய்ல 2006ல ஒரு ஆய்வு, வெளுத்துப் போன மான்டிபோரா கேபிடேட்டா தன் அன்றாட எனர்ஜி தேவை முழுசையும், அதுக்கு மேலயும்கூட, பிளாங்க்டன பிடிச்சுத் தின்னே சம்பாதிச்சுச்சு. அதே தண்ணில இருந்த ரெண்டு வகை போரைட்டிஸ் அப்படி சாப்பாட்ட கூட்டிக்கல. ஆக எல்லா கோரலும் ஒரே மாதிரி இல்ல, உங்க டேங்க்ல எது வாய் திறக்குதுன்னு நீங்க தான் பாக்கணும்.

சிகிச்சை. ஜிஎஃப்ஓ ரியாக்டர கழட்டிட்டேன். வினிகர அஞ்சு நாள்ல படிப்படியா நிறுத்தினேன். கேஎச்ச குறைக்க எதையும் ஊத்தல, டோசர் ஆஃப்லயே இருந்தது, அதுவா ஆறு நாள்ல 8.1 வந்துச்சு. (திரும்ப போட்டப்ப கணக்கு: 190 லிட்டர்ல ஒரு டிகேஎச் ஏத்த பேக்கிங் சோடா கிட்டத்தட்ட 5.7 கிராம், எவ்வளவு எறங்குதோ அந்த அளவு மட்டும்.) மீனுக்கு மறுபடி தினம் ரெண்டு வேளை. கூடவே அக்வாரியத்துக்குன்னே விக்கற பாஸ்பேட் கரைசல், தினம் 0.02 பிபிஎம் கணக்குல.

இங்க ஒரு விஷயத்துல ஏமாந்து போகாதீங்க. முதல் பத்து நாள் ஊத்திட்டே இருந்தேன், செக்கர் 0 தான் காட்டுச்சு. பாக்கெட்ட பிரிச்சு பொடிய ஒரு துகள் விடாம தட்டி, ரெண்டு நிமிஷம் குலுக்கி, கைரேகை படாம துடைச்சு, மூணு நிமிஷம் கவுன்ட்டவுன் முடியற வரைக்கும் மூச்சப் பிடிச்சு, 0. காரணம் பாறை. பாஸ்பேட் இல்லாம காஞ்சு கிடந்த சுண்ணாம்புப் பாறை அத உறிஞ்சிட்டே இருக்கும், அது வயிறு நிறைஞ்ச பிறகு தான் தண்ணில மிச்சம் தெரியும். பொறுமை இழந்து டோஸ டபுள் பண்ணியிருந்தா அடுத்த மாசம் மறுபடி 72ல நின்னிருப்பேன். 11வது நாள் 9 காட்டுச்சு, அதாவது 0.028 பிபிஎம். 9 நம்பருக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது பள்ளிக்கூட நாளுக்கு அப்பறம் இப்ப தான்.

நடுவுல இன்னொரு வினை. மணல் மேல, பாறை மேல, பிரவுன் சளி மாதிரி இழை இழையா, நுனில காத்துக் குமிழோட. காலைல கொஞ்சமா இருக்கும், லைட் எரிய எரிய சாயங்காலத்துக்குள்ள போர்த்தின மாதிரி ஆயிடும், ராத்திரி காணாமப் போயிடும். டர்போ நத்தை நாலு ஒரே வாரத்துல செத்துச்சு. பையனோட ஸ்கூல் மைக்ரோஸ்கோப்ப கடன் வாங்கி ஒரு சொட்டு வச்சுப் பாத்தோம், கண்ணீர்த் துளி மாதிரி ஒரு முனை கூரா இருக்கற உருண்டைங்க, கூரா இருக்கற முனைய ஒரு புள்ளில நட்டு வச்ச மாதிரி சுத்தி சுத்தி ஆடிட்டு இருந்துச்சு. பையன் "அப்பா, பம்பரம்"னான். ஆஸ்ட்ரியாப்சிஸ், டைனோஃப்ளாஜெல்லேட்ங்கற ஒத்தை செல் உயிர் வகை. தண்ணில நைட்ரேட் பாஸ்பேட் ஜீரோ ஆகி மத்த பாசியும் பாக்டீரியாவும் ஒடுங்கினா காலி இடத்த பிடிக்கற ஆளு இது, விஷமும் உண்டு, நத்தை செத்தது அதனால தான், க்ளவுஸ் போடாம கைய விடாதீங்க. ராத்திரி இது பாறைய விட்டு தண்ணில மிதக்கும், அப்ப யூவி விளக்கு வழியா ஓட விட்டா அடிபடும். யூவியும் ஏறிட்டு வந்த பாஸ்பேட்டும் சேந்து அஞ்சு வாரத்துல முடிஞ்சது. எல்லாத்தையும் ஒண்ணா செஞ்சதால எதுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சு சொல்ல முடியாது, ஜீரோவுக்கு எறக்குனப்ப பண்ண அதே தப்ப ஏத்தறப்பவும் பண்ணேன்.

இப்ப சாப்பாடு, எனக்குப் பிடிச்ச பகுதி.

சனிக்கிழமை காலைல தேக்கா மார்க்கெட். கால் கிலோ இறால், ரெண்டு சூத்தோங் (கணவா), கொஞ்சம் நெத்திலி. மசாலா படாத தனி மிக்சி ஜார் ஒண்ணு இதுக்குன்னே இருக்கு, அது இருக்கறதுக்குக் காரணம் முதல் தடவை வீட்டு ஜார்ல அரைச்சப்ப நடந்த சண்டை. "ஏங்க, தொட்டிக்கு இறால், நமக்கு நெத்திலி தலையா"ன்னு கேள்வி வேற. மையா அரைக்கக் கூடாது, ஒண்ணு ரெண்டா விட்டு விட்டு அரைச்சு, ஜிப் பைல போட்டு தட்டையா பரப்பி ஃப்ரீசர்ல வச்சா, அப்பளம் மாதிரி உடைச்சு உடைச்சு எடுக்கலாம். கடைல வாங்கற மைசிஸும் (இறால் மாதிரி இருக்கற குட்டி உயிர்) கலந்துக்குவேன். உருகின சாறுல ஊறி வர்ற பாஸ்பேட்ட வடிகட்டிட்டு போடணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரி தான், ஆனா அந்த ரெண்டு மாசம் எனக்கு அந்த சாறு தான் மருந்து, கழுவாம அப்படியே ஊத்தினேன்.

ஊட்டறது வாரம் ரெண்டு ராத்திரி. ஒம்போதரைக்கு லைட் அணையும். பத்து மணிக்கு ஸ்பூன் அளவு சாறு மட்டும் ஊத்துவேன், அது சமையல் வாசனை மாதிரி, பத்து நிமிஷத்துல ஏக்கன் ஓரத்துல இருந்து கண்ணாடி நூல் மாதிரி டென்டக்கிள் வெளிய வரும், கேண்டி கேன் ஒவ்வொரு தலையும் வட்டமா விரிச்சு வச்சுட்டுக் காத்துட்டு இருக்கும். அது வரைக்கும் துண்டு போடறதுல பிரயோஜனமே இல்ல, மூடின வாய் மேல விழுந்து உருண்டு பாறை இடுக்குல அழுகும். விரிச்சதும் ரிட்டர்ன் பம்ப், வேவ்மேக்கர் ரெண்டும் ஆஃப், நீளமான பிப்பெட்டால தலைக்கு ஒரு மைசிஸ். ஒண்ணே ஒண்ணு. டென்டக்கிள் ஒட்டிக்கும், மெதுவா நடுவுக்கு இழுக்கும், வாய் ஒரு கோடு மாதிரி பிளக்கும், உள்ள போறதுக்கு நாலஞ்சு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்துல தான் க்ளீனர் இறால் வரும், மீசைய ஆட்டிக்கிட்டு, வாய்க்குள்ள பாதி போனதக்கூட பிடுங்கிட்டுப் போகும். சாப்பாடு போச்சுன்னு மட்டும் இல்ல, பிடுங்கறப்ப சதை கிழியும். வழி சுலபம், ஒண்ணரை லிட்டர் பாட்டில பாதியா வெட்டி கோரல் மேல கவுத்து வச்சுட்டு, மூடி ஓட்டை வழியா பிப்பெட்ட விட்டு ஊட்டறது. இறால் ரெண்டும் வெளிய நின்னு பாட்டில தட்டிட்டு இருக்கும். பம்ப இருபது நிமிஷத்துக்கு மேல நிறுத்தி வைக்க மாட்டேன்.

துண்டு பெருசா போட்டா நிறைய சாப்பிடும்னு நெனச்சு ஹாம்மருக்கு முழு இறால் துண்டு ஒண்ணு குடுத்தேன், வாங்கிக்கிச்சு, விடிகாலைல பிரவுன் நூலோட அப்படியே வெளிய தள்ளியிருந்துச்சு. கொண்டக்கடலைல பாதி, அதுக்கு மேல வேணாம்.

அக்ரோபோராவுக்கும் மான்டிபோராவுக்கும் மைசிஸெல்லாம் வாய்ல நுழையாது. அதுங்களுக்கு ஆர்ட்டீமியா நாப்ளி, அதாவது உப்புத்தண்ணில வாழற குட்டி இறால் வகையோட குஞ்சு, அரை மில்லிமீட்டர் சைஸ். கவுத்து வச்ச பாட்டில்ல லிட்டருக்கு 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, கீழ இருந்து காத்து. குளிர் நாட்டுல இதுக்கு ஹீட்டர் வைக்கறாங்க, நம்ம சமையலறை ஜன்னலோரமே போதும், இருபது மணி நேரத்துல ஆரஞ்சு கலர்ல துள்ளும். பொரிச்ச அன்னைக்கே குடுத்துடணும், நேரம் போகப் போக வயித்துல இருக்கற மஞ்சக்கருவ அதுவே தின்னுடும், அப்பறம் வெறும் ஓடு தான். பொடி சாப்பாடு வாரம் ஒரு சிட்டிகை போடறேன், பெரிய நம்பிக்கை இல்ல, போடாம இருக்கவும் மனசு வரல.

ஆனா அக்ரோபோராவுக்கு மெயின் சாப்பாடு என் கைல இருந்து போறது இல்ல, மீனோட கழிவுல இருந்து போறது தான்னு இப்ப நம்பறேன். மீன் செவுள் வழியா விடற அமோனியத்த கோரல் நைட்ரேட்டவிட சுலபமா எடுத்துக்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்ல, கரீபியன்ல செயின்ட் க்ராய் தீவுல பாத்து 1983லயே சயின்ஸ் இதழ்ல எழுதிட்டாங்க: க்ரண்ட் மீன் கூட்டம் ராத்திரி முழுக்க கடல்புல்லுல மேஞ்சுட்டு பகல்ல கோரல் தலை மேல வந்து நிக்கும், அப்படி மீன் நிக்கற கோரல், நிக்காத கோரலவிட வேகமா வளந்துச்சு. என்னோட க்ளவுன் ஜோடி ஹாம்மர்ல படுத்துப் புரளறத முன்னெல்லாம் தொந்தரவுன்னு நெனச்சு விரட்டிட்டு இருந்தேன்.

நாலு மாசம் கழிச்சு நிலவரம். செக்கர்ல பாஸ்பரஸ் 18ல இருந்து 25க்குள்ள, பாஸ்பேட்டா சொன்னா 0.055ல இருந்து 0.077. நைட்ரேட் 8. கண்ணாடிய நாலு நாளைக்கு ஒரு தடவை துடைக்கணும், துடைக்கறேன். தினசரி கேஎச் இறக்கம் 1.3, முன்ன இருந்ததவிட ஜாஸ்தி, இத வாரம் ஒரு தடவை டோசர அணைச்சு அளந்து நோட்டுல எழுதறேன். அக்ரோபோரா நாலுல ஒண்ணு அடில இருந்து உரிஞ்சு உரிஞ்சு முழுசா போயிடுச்சு, ஒண்ண உயிரோட இருந்த நுனிய மட்டும் வெட்டி ஒட்டி காப்பாத்தினேன், மத்த ரெண்டுக்கும் கருகின நுனி மேலயே புதுசா மூடி கலர் வந்தாச்சு. மான்டிபோரா மறுபடி சிவப்பு. செத்த அக்ரோபோராவ எடுக்கல, அதோட எலும்பு மேல மான்டிபோரா ஓரம் ஏறிட்டு இருக்கு.

கேண்டி கேன்ல 11ல மூணு தலை போச்சு. மிச்ச எட்டுல நாலு ரெண்டா பிரிஞ்சு இப்ப 12. போன வாரம் ஊட்டறப்ப டார்ச் பட்டு கவனிச்சேன், செத்த மூணுல ஒண்ணோட காம்புல, சதை கொஞ்சம் ஒட்டிட்டு இருந்த இடத்துல, மிளகு சைஸ்ல பச்சையா ஒரு வாய். மைசிஸ் அதுக்குப் பெருசு, நாப்ளி தான் குடுக்கறேன்.